பேய் பொய், அறை மெய்

அண்டார்க்டிகாவில் ஓர் ஆராய்ச்சி முகாம். மாரடைப்பு வந்தவன்போல மேசைமேல் கிடக்கிறான் ஒருவன். மருத்துவர் மின்னதிர்ச்சிக் கருவியை அவன் நெஞ்சில் வைத்து அழுத்துகிறார். பலனில்லை. மறுபடி அழுத்துகிறார். நெஞ்சு அப்படியே வாயாகப் பிளக்கிறது. உள்ளே வரிசையாகப் பற்கள். மருத்துவரின் கைகள் இரண்டும் உள்ளே போகின்றன, முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வெளியே வருகின்றன.

ஜான் கார்பென்டர் இயக்கி 1982 ஜூன் 25 அன்று வெளியான 'தி திங்' படத்தின் காட்சி இது. கணினி வரைகலை தவழ்ந்துகொண்டிருந்த காலம். நெஞ்சு ஒரு பொம்மை, அதன் தாடைகளை மூடியது ஹைட்ராலிக்ஸ். நடிகர் மேசைக்கு அடியில் உடலை மறைத்துக்கொண்டு தலையை மட்டும் பொம்மை உடம்போடு பொருத்திக் கிடந்தார். கை துண்டாகும் அந்த ஒரு ஷாட்டில் இருப்பவர் மருத்துவராக நடித்த ரிச்சர்ட் டைசார்ட் இல்லை. இரு கைகளும் இல்லாத வேறொருவரை அழைத்துவந்து, டைசார்ட்டின் முகத்தை முகமூடியாக வார்த்து மாட்டி, மெழுகில் எலும்பும் ரப்பரில் நரம்பும் வைத்து ஜெல்லி அடைத்த போலிக் கைகளைப் பொருத்தினார்கள். தாடை மூடியது, கை பிய்ந்தது. பார்க்கிறவர்களின் கண் நெஞ்சையும் ரத்தத்தையும் விட்டு நகராததால் முகமூடியை யாரும் கவனிக்கவில்லை. தெருவில் வித்தை காட்டுகிறவரின் தந்திரமேதான்.

இதையெல்லாம் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது 22 வயதுதான். ஓராண்டுக்கு மேல், வாரத்தில் ஏழு நாளும் ஸ்டுடியோவிலேயே கிடந்து வேலை செய்தார். படம் முடிந்ததும் உடல் சோர்ந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. நாய்க்கூண்டுக் காட்சியின் ஜந்துவை மட்டும் ஸ்டான் வின்ஸ்டன் செய்து கொடுத்தார். பிற்பாடு 'ஜுராசிக் பார்க்' டைனோசர்களைச் செய்தாரே, அவரேதான். பாட்டின் பயன்படுத்திய பொருள்களில் மயோனைஸும் உருக்கிய பபிள்கம்மும் உண்டு. பொம்மைக்குள் இருந்த ரசாயனங்களின் ஆவியில் ஒருமுறை தீப்பிடித்து, மாதக்கணக்கில் செய்த பொம்மையைத் தீ சூழ்ந்துகொண்டது. இவ்வளவு பாடுபட்டும் படம் வந்தபோது விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். இரண்டு வாரம் முன்னால்தான் ஸ்பீல்பெர்கின் அன்பான வேற்றுக்கிரகவாசி 'ஈ.டி.' வந்திருந்தது. அந்தக் கோடையில் யாருக்கும் பொல்லாத வேற்றுக்கிரகவாசி தேவைப்படவில்லை.

2011இல் அதே பெயரில், அதே கதைக்கு முன்கதையாக இன்னொரு படம் வந்தது. அலெக் கில்லிஸ், டாம் வுட்ரஃப் ஆகியோரின் நிறுவனம் மோட்டாரும் கேபிளும் வைத்த ஜந்துக்களை அதற்காகவும் கையால் செய்தது. படப்பிடிப்பும் அவற்றை வைத்தே நடந்தது. திரையில் வந்தபோது பெரும்பாலான இடங்களில் அவற்றின்மேல் கிராஃபிக்ஸ் பூசப்பட்டிருந்தது. மூடப்பட்டுப்போன பொம்மைகளின் வீடியோவை அந்தக் கலைஞர்கள் பிறகு இணையத்தில் வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள்: 'இவ்வளவு நல்ல பொம்மையை ஏன் மூடினீர்கள்?'

இந்தக் கொதிப்புக்குப் பின்னால் ஒரு வழக்கமான தீர்ப்பு இருக்கிறது: கையால் செய்தது நிஜம், கணினியில் செய்தது பொய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பபிள்கம்மும் ரப்பரும் எந்தக் கணக்கில் நிஜம்? நெஞ்சு வாயாகப் பிளப்பதை எவன் நிஜத்தில் பார்த்திருக்கிறான்? இரண்டுமே பொய் என்பது டிக்கெட் வாங்கும்போதே நமக்குத் தெரியும். ஒரு பொய்யில் வயிறு கலங்குகிறது, இன்னொரு பொய்யில் பின்வரிசையில் ஒருவர் 'கிராஃபிக்ஸ்ப்பா' என்கிறார், தியேட்டரே சிரிக்கிறது. ஏன்?

என் கணிப்பு இது. திரையைப் பார்க்கும் மூளை இரண்டு கணக்குகளைத் தனித்தனியாகப் போடுகிறது. ஒன்று ஜந்துவைப் பற்றியது: இதன் உடம்பு ஒழுங்காக இருக்கிறதா? மற்றது அறையைப் பற்றியது: இந்த உடம்பு அந்த அறைக்குள், அந்த விளக்கின் கீழே, அந்தத் தரையின்மேல் இருக்கிறதா? முதல் கணக்கில் எவ்வளவு பிழை இருக்கிறதோ அவ்வளவு பயம். இரண்டாவதில் ஒரு சின்னப் பிழை வந்தாலும் பயம் செத்துவிடும்.

முதல் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டவர் சினிமாக்காரர் அல்லர், மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ விஞ்ஞானி. 1970இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் அவர் சொன்னது: பொம்மை மனிதச் சாயலை நெருங்க நெருங்க அதன்மேல் நமக்குப் பிரியம் கூடும். கிட்டத்தட்ட மனிதன் என்ற நிலைக்கு வந்ததும் பிரியம் சட்டென்று சரிந்து அருவருப்பாகும். அச்சு அசலாக இருக்கும் ஒரு செயற்கைக் கையை உதாரணம் காட்டினார். கை என்று நம்பிக் குலுக்குகிறோம், சில்லென்று, எலும்பில்லாததுபோல் தட்டுப்படுகிறது, உடம்பு கூசுகிறது. வரைபடத்தில் தெரிந்த அந்தச் சரிவுக்குப் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்தார். 'போலார் எக்ஸ்பிரஸ்' (2004) அந்தப் பள்ளத்தில் தெரியாமல் விழுந்த குழந்தைப் படம். அதில் வரும் கணினிக் குழந்தைகளின் கண்களைப் பார்த்துப் பெரியவர்களே நெளிந்தார்கள். திகில் படம் ஒன்றுதான் காசு செலவழித்து, திட்டம் போட்டு, அந்தப் பள்ளத்தில் விழப் பார்க்கும் கலை. ஆகவே 'ஜந்து இயல்பாக இல்லை' என்பது திகில் படத்தைக் குறைசொல்லும் வாக்கியமே அல்ல.

குறை அறையில்தான் வருகிறது. முதலில் வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். மனிதத் தோல் சுவர் மாதிரி வெளிச்சத்தை மேலோடு திருப்பி அனுப்புவதில்லை. ஒளி உள்ளே நுழைந்து, சதைக்குள் சிதறி, வேறு இடத்தில் வெளியே வருகிறது. சிவப்பு அதிக ஆழம் போகும். காதுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் மடல் செக்கச்செவேலென்று தெரிவது அதனால்தான். ஆரம்பகாலக் கணினி உருவங்கள் இதைச் செய்யத் தெரியாமல் பிளாஸ்டிக்போல் மின்னின. 2001இல் கணினி வரைகலை ஆய்வாளர் ஹென்ரிக் வான் ஜென்சனும் மூன்று சகாக்களும் தோல், பால், சலவைக்கல் போன்றவற்றுக்குள் ஒளி சிதறுவதைச் சிக்கனமாகக் கணக்கிட ஒரு வழி சொன்னார்கள். ஆஸ்கர் அகாதெமி தொழில்நுட்ப விருது கொடுக்கும் அளவுக்கு அது சினிமாவை மாற்றியது. மேக்கப்காரர்களும் இதே பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டினார்கள். நுரை லேடெக்ஸ் ஒளியை உள்ளே விடாது, அதனால் ஓவியர்போல் அதன்மேல் அடுக்கடுக்காக வண்ணம் தீட்டிச் சதையை நடிக்கவைத்தார்கள். பிறகு சிலிக்கோன் வந்தது. அது தோலைப்போல் ஒளியை உள்வாங்குவதால் கேமரா எவ்வளவு கிட்டத்தில் போனாலும் தாங்கும்.

ஆனால் ரப்பருக்கு ஒரு வசதி இலவசமாகக் கிடைக்கிறது. அறையில் எரியும் விளக்குத்தான் அதன்மேலும் விழுகிறது. அதன் நிழல் சரியான தரையில் சரியான கோணத்தில் விழுகிறது. பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் கன்னத்தில் லேசாகப் பச்சை படிகிறது. இவற்றில் எதையும் யாரும் யோசித்துச் செய்ய வேண்டியதில்லை. கணினியில் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் யோசித்தாக வேண்டும். 1998இல் அதே துறையின் பால் டெபெவெக் இதற்கு ஓர் அழகான வழி சொன்னார். கண்ணாடிபோல் பளபளக்கும் ஓர் உருண்டையைப் படப்பிடிப்புத் தளத்தில் வைத்து, வெவ்வேறு ஒளி அளவுகளில் படமெடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பது முழுவதும் அந்த உருண்டையில் பதிவாகிவிடும். இன்றைக்கும் ஷாட் முடிந்ததும் ஓர் உதவியாளர் அந்த உருண்டையை ஏந்திக்கொண்டு கேமரா முன்னால் நிற்பதைப் பார்க்கலாம். இல்லாத ஒரு ஜந்து நின்றிருந்தால் அதன்மேல் எந்த வெளிச்சம் விழுந்திருக்குமோ, அதைப் பிடித்துவைக்கிறார்.

அடுத்தது எடை. கிராஃபிக்ஸ் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஊசலின் நீளம் நான்கு மடங்கானால் ஒரு வீச்சுக்கு ஆகும் நேரம் இரண்டு மடங்காகும். காலும் ஒருவகை ஊசல்தான். எனவே நம்மைவிட நான்கு மடங்கு உயரமான ஜந்துவின் நடை நம் நடையைவிடப் பாதி வேகத்தில்தான் ஊசலாட வேண்டும். யானையை வேடிக்கை பார்த்த எவருக்கும் இது உடம்பாலேயே தெரியும், சூத்திரம் வேண்டாம். பழைய மினியேச்சர் கலைஞர்கள் இதே விதியைத் திருப்பிப் பயன்படுத்தினார்கள். நிஜத்தில் நான்கில் ஒரு பங்கு உயரமுள்ள கோபுர மாதிரி இடிந்து விழ நிஜத்தின் பாதி நேரம்தான் ஆகும். அதனால் விநாடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 48 எடுத்தார்கள். பதினாறில் ஒரு பங்கு என்றால் 96. புவியீர்ப்பு மட்டும் யாருக்காகவும் சிறுத்துக் கொடுப்பதில்லை. தண்ணீரும் அப்படித்தான். துளியின் அளவைத் தீர்மானிப்பது பரப்பு இழுவிசை, அது மாதிரிக்குத் தகுந்தபடி குறையாது. குட்டிக் கப்பல்மேல் கோலிக்குண்டு அளவில் துளிகள் தெறித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

'ஐ ஆம் லெஜண்ட்' (2007) படத்தில் நோய் கண்டு மிருகமான மனிதர்களை முதலில் மேக்கப் போட்ட நடிகர்களாகவே எடுக்கத் தொடங்கினார்கள். படப்பிடிப்பு தொடங்கிய சில நாளிலேயே மனம் மாறி, அவர்களைக் கணினியில் செய்ய முடிவெடுத்தார்கள். மனிதனால் அந்த வெறியோடு நீண்ட நேரம் மூச்சிரைத்துக்கொண்டே நடிக்க முடியாது என்பது இயக்குநர் தரப்பின் நியாயம். நியாயம்தான். ஆனால் வந்து சேர்ந்தவை ஓடும்போது தரை அவற்றைத் தாங்குவதாகவே தெரியவில்லை, எதன்மேல் மோதினாலும் தள்ளப்படுவதாகத் தெரியவில்லை. ஆளில்லாத நியூயார்க் நகரம் அதே படத்தில் எவ்வளவு அச்சமூட்டுகிறது! அதை நிரப்ப வந்தவைதான் அச்சத்தைக் குறைத்துவிட்டன.

ரத்தத்திலும் இதே பாடம். 'சைக்கோ' (1960) கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் குளியலறையில் ஓடியது சாக்லேட் சிரப். வண்ணத்தில் அது எடுபடாது. டிக் ஸ்மித் என்ற மேக்கப் மேதை சோளப்பாகில் நிறம் கலந்து ஒரு ரத்தம் செய்தார். மெல்லிய படலமாக வழியும்போது ஒரு சிவப்பு, தேங்கினால் இருண்ட சிவப்பு. அது தொட்ட இடத்திலெல்லாம் கறை விட்டுப்போகும் என்பதுதான் தயாரிப்பாளருக்குத் தலைவலி, ஒவ்வொரு டேக்குக்கும் சட்டை மாற்ற வேண்டும். எடுத்த ஷாட்டையே மறுபடி மறுபடி எடுக்கும் டேவிட் ஃபின்ச்சர் 'சோடியாக்' (2007) படத்தில் ரத்தத்தைக் கணினியிலேயே சேர்த்தது இதற்காகத்தான். அவர் கவனமாகச் செய்தார். கவனமில்லாமல் செய்தால் காற்றில் செம்மூட்டம் ஒன்று வெடித்து மறையும், பின்சுவர் வெள்ளையடித்தபடியே நிற்கும்.

அசைவைப் பற்றி ஒரு பரிசோதனை உண்டு. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973இல் ஒருவரின் மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு சிறு விளக்குகளை மட்டும் கட்டி இருட்டில் நடக்கவைத்துப் படமெடுத்தார். நிறுத்திவைத்துக் காட்டினால் வெறும் புள்ளிகள், நட்சத்திரக் கூட்டம்போல. ஓடவிட்ட கணத்தில் யாருக்கும் சந்தேகமில்லை, மனிதர் நடக்கிறார். உடம்பின் அசைவைப் படிப்பதில் நம் மூளை அவ்வளவு தேர்ந்தது. ஆகவே அதை ஏமாற்றுவது கடினம், தொந்தரவு செய்வது எளிது.

ஜப்பானிய 'ரிங்கு' (1998) படத்தில் கிணற்றிலிருந்து சடாகோ என்ற பேய் வருகிற காட்சிக்கு நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்து, ஃபிலிமைத் திருப்பி ஓட்டினார்கள். அவ்வளவுதான் தந்திரம். திரையில் அவள் முன்னோக்கி வருகிறாள். ஆனால் நடை என்பது காலத்தில் ஒருதிசைப் பொருள்: குதிகால் முதலில் ஊன்றும், கடைசியில் விரல் உந்தும். உடல் அசைந்த பிறகுதான் துணி அசையும், கூந்தல் அசையும். திருப்பி ஓட்டினால் விளைவு முந்திக்கொண்டு காரணம் பிந்துகிறது. எங்கே பிழை என்று பார்வையாளருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் கழுத்தில் மயிர் நிற்கிறது. முதல் கணக்கில் முழுப் பிழை. இரண்டாவது கணக்கில் பிழையே இல்லை, ஏனென்றால் அவள் நிஜமான புல்லில், நிஜமான வெளிச்சத்தில்தான் நடந்தாள்.

உடம்பையே கருவியாக்கிய நடிகர்களும் உண்டு. ஸ்பெயினின் ஹவியேர் போட்டெட்டுக்கு மார்ஃபான் என்னும் மரபணுக் கோளாறு. இணைப்புத்திசுவைப் பாதித்து, கைகால் விரல்களை அளவுக்கு மீறி நீளவைப்பது. 'மாமா' (2013) படத்தில் அவர் மடிந்து நெளிந்து வருவதைப் பார்த்து எத்தனையோ பேர் 'கிராஃபிக்ஸ்' என்று அடித்துச் சொன்னார்கள். அதே இயக்குநரின் 'இட்' (2017) படத்தில் கோமாளியின் ஒரு கண் மட்டும் வேறு பக்கம் நகர்கிறதே, அதைக் கணினியில் செய்துகொள்ளலாம் என்று இயக்குநர் நினைத்திருந்தார். கோமாளியாக நடித்த பில் ஸ்கார்ஸ்கார்ட் தமக்கு அது வரும் என்று செய்தே காட்டிவிட்டார்.

எதிரே நிற்கும் நடிகரையும் மறக்கக் கூடாது. 'ஏலியன்' (1979) படத்தில் சாப்பாட்டு மேசையில் ஒருவன் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு குட்டி ஜந்து வெளியே வரும் காட்சி. ஏதோ நடக்கப்போகிறது என்று மற்ற நடிகர்களுக்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. கசாப்புக் கடைக் குடல்கள் அடைத்த போலி நெஞ்சு வெடித்து, நடிகை வெரோனிகா கார்ட்ரைட்டின் முகத்தில் ரத்தம் பீறிட்டு அடித்தது. அவர் அலறுவது நடிப்பில்லை. 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படுக்கையறையைக் குளிர்சாதனங்களால் உறைநிலைக்குக் கீழே கொண்டுபோனார்கள், மூச்சு புகையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. மூச்சோடு சேர்ந்து நடிகர்களின் விறைத்த தாடையும் படத்தில் பதிவானது. அதே படத்தில் கிழப் பாதிரியாராக வரும் மேக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது நாற்பத்து சொச்சம் வயதுதான். டிக் ஸ்மித் அவரைக் கிழவராக்கியதை யாரும் மேக்கப் என்று கண்டுகொள்ளவே இல்லை. சிறுமியின் பேய் முகத்தைவிட அதுதான் பெரிய சாதனை என்பேன்.

இனி, பேயும் ஜந்துவும் இல்லாத திகில். பெல்ஜிய மனநல மருத்துவர்கள் சாமுவேல் லைஸ்டெட், பால் லிங்கோவ்ஸ்கி இருவரும் 1915 முதல் 2010 வரை வந்த 400 படங்களை உட்கார்ந்து பார்த்தார்கள். அவற்றில் 126 சைக்கோபாத் பாத்திரங்களை, அதாவது ஈரமும் குற்றவுணர்வும் இல்லாத ஆளுமைகளை, தேர்ந்து, மருத்துவ அளவுகோலில் நிறுத்தி, 2014இல் தடயவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தின் ஹானிபல் லெக்டர் தேறவில்லை. மேதை, இசை ரசிகர், விருந்துபசாரக்காரர், எதிராளியின் மனதை ஒரே பார்வையில் படிப்பவர் என்று எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்த கலவை மருத்துவமனை வாசலில் வருவதில்லை. 'சைக்கோ' படத்தின் நார்மன் பேட்ஸும் அந்த வகையில் சேரமாட்டான். அவன் நிஜ உலகோடு தொடர்பு அறுந்தவன், ஈரமற்ற கணக்காளன் அல்லன். மிக நெருங்கி வந்தவன் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) படத்தின் ஆன்டன் சிகர். குற்றவுணர்வு இல்லை, பாசம் இல்லை, பட்டுத் திருந்துவதும் இல்லை.

அப்படியானால் சிகர்தான் லெக்டரைவிட அதிகம் பயமுறுத்த வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை, இருவருமே தூக்கத்தைக் கெடுப்பவர்கள். லெக்டர் என்ற ஆள் பொய், ஆனால் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1991) அவரைச் சுற்றிக் கட்டிய அறை பொய்யில்லை. கம்பிகள் கண்ணை மறைக்கும் என்பதால் சிறைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். ஆன்டனி ஹாப்கின்ஸ் லென்ஸுக்குள்ளேயே பார்த்துப் பேசுகிறார், கிட்டத்தட்ட இமைக்காமல். எதிரே நிற்கும் ஜோடி ஃபாஸ்டரின் முகத்தில் அதன் எடை விழுவது தெரிகிறது. சிகரின் பெட்ரோல் பங்க் காட்சியில் கத்தியும் ரத்தமும் கிடையாது. கசக்கிய தின்பண்டத் தாளை அவன் மேடைமேல் வைக்கிறான். அது தானாக நொறுநொறுவென்று விரிகிறது. கடைக்காரக் கிழவர் அதையே பார்க்கிறார். படத்தின் சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட் அந்தத் தாள்.

பொம்மைக் கட்சிக்காரர்களுக்கு இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. 2011 'தி திங்' அவமானத்துக்குப் பிறகு அலெக் கில்லிஸ் ரசிகர்களிடம் இணையத்தில் நிதி திரட்டி, ஜந்துக்களைக் கையால் மட்டுமே செய்வதென்ற சபதத்தோடு 'ஹார்பிஞ்சர் டவுன்' (2015) எடுத்தார். பொம்மைகள் பிரமாதம். படம் பயமுறுத்தவில்லை. பாத்திரங்கள்மேல் நமக்கு அக்கறை வரவில்லை, கதை நடக்கும் கப்பலில் யார் செத்தாலும் நமக்கு ஒன்றுமில்லை. ரப்பருக்குத் தானாக எந்தப் புனிதமும் கிடையாது.

கணினி நன்றாகப் பயன்படும் இடமும் உண்டு, பெரும்பாலும் அது சேர்க்கும்போது அல்ல, அழிக்கும்போது. பொம்மையை ஆட்டும் கம்பிகளையும் ஆட்டுபவரின் கைகளையும் நீக்குவது இன்று அன்றாட வேலை. அதன் உச்சம் லீ வானெல்லின் 'தி இன்விசிபிள் மேன்' (2020), சுமார் 70 லட்சம் டாலரில் முடித்த படம். சமையலறையில் நாயகி எலிசபெத் மாஸை யாரோ கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறார்கள், மேசைமேல் வீசுகிறார்கள். யாரும் தெரியவில்லை. படப்பிடிப்பில் தலை முதல் கால் வரை பச்சை உடுப்பணிந்த ஒரு சண்டைக் கலைஞர் அவரை நிஜமாகவே பிடித்து இழுத்தார். கணினி கட்டுப்படுத்தும் கேமரா அதே பாதையில், அதே வேகத்தில், ஆளில்லாத அறையை இன்னொருமுறை எடுத்தது. பச்சை ஆளை அழித்து, பின்னாலிருந்த அறையால் அந்த இடத்தை நிரப்பினார்கள். மிச்சமிருப்பது எல்லாம் நிஜம்: அழுந்திய கழுத்து, சறுக்கும் கால், உடையும் பாத்திரம். ஜந்துவை மட்டும்தான் காணோம்.

இதே படத்தில் வானெல் இன்னொன்றும் செய்கிறார். நாயகி பேசிக்கொண்டிருக்கும்போதே கேமராவை அவரை விட்டுத் திருப்பி, யாருமில்லாத ஒரு மூலையைக் காட்டுகிறார். சில விநாடிகள் அங்கேயே நிறுத்துகிறார். நாம் அந்த மூலையில் ஆளைத் தேடுகிறோம். அங்கே பச்சை உடுப்புக்காரரும் இல்லை, அழிப்பதற்கும் ஒன்றும் இல்லை. அந்த ஷாட்டுகளுக்கு எஃபெக்ட்ஸ் பில் வந்திருக்காது.